புற்றுச் செல்லை எதில் சுற்றலாம்? கிளினோஸ்டாட் முதல் விண்வெளி நிலையம் வரை ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதல் ஆள் மார்த்தாண்டத்திலிருந்து தினமும் திருவனந்தபுரம் போய்ப் படிக்கிற எம்.எஸ்சி. மாணவி. குழித்துறையில் ஏறி ஜன்னலோரம் பிடித்திருந்தாள். நான் பாறசாலையில் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எக்கா, இங்க இரிங்க. கைடு மூணு வழி சொல்லியிருக்காரு, எத எடுக்கணும்னு தெரியல்ல" என்றாள். மற்ற இருவரும் எழுதிக் கேட்டவர்கள். ஒருவர் பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் பிஎச்.டி. செய்கிறார். இன்னொருவர் ஆந்திர எல்லையில் சூலூர்பேட்டையில் கல்லூரி ஆசிரியர், வீட்டு மொட்டை மாடியிலிருந்தே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் மேலே போவதைப் பார்ப்பவர்.

மனிதப் புற்றுச் செல்லை ஈர்ப்பு மாறிய சூழலில் வைத்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று மூவரும் பார்க்க வேண்டும். அதற்கு ஏழெட்டு வழிகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் 'நுண்ணீர்ப்பு' என்ற ஒரே பெயர். ஒன்றில் 5 வினாடி கிடைக்கும், இன்னொன்றில் ஒரு மாதம். ஒன்றுக்கு மோட்டாரும் பெல்ட்டும் போதும், இன்னொன்றுக்கு ராக்கெட் வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் சரக்கும் ஒன்றுதான் என்று நினைத்துப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன், அந்தக் கதை கீழே வரும்.

## முதலில், செல்லுக்கு என்ன ஆகிறது

சாதாரண 25 சதுர சென்டிமீட்டர் ஃபிளாஸ்க்கில் 5 மில்லி மீடியம், அதாவது செல்லுக்கு உணவான திரவம், ஊற்றினால் ஆழம் 2 மில்லிமீட்டர்தான். அதில் சுமார் 15 மைக்ரோமீட்டர் அகலமுள்ள செல், வினாடிக்கு ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர் வேகத்தில் இறங்கும். மரச்சீனி மாவைக் கரைத்து வைத்த வாளியில் மாவு அடியில் தங்குகிற மாதிரி, நாலு நிமிடத்துக்குள் எல்லாம் தரைக்கு வந்துவிடும். அப்புறம் ஒட்டிக்கொண்டு, தட்டையாக விரிந்து, பக்கத்துச் செல்லோடு கைகோத்துப் பாய் விரித்த மாதிரி வளரும்.

ஈர்ப்பின் பிடி போனால் இந்தப் பாய் குலைகிறது. தைராய்டு புற்றின் எஃப்டிசி-133, மார்பகப் புற்றின் எம்சிஎஃப்-7 போன்ற செல்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதி செல்கள் ஒட்டியபடியே இருக்கும். இன்னொரு பகுதி தரையை விட்டுக் கழன்று, ஒன்றோடொன்று சேர்ந்து உருண்டையாகிவிடும். இந்த உருண்டைக்கு ஸ்பீராய்டு என்று பெயர். ஒரே ஃபிளாஸ்க், ஒரே மீடியம், ஒரே செல் வகை, ஆனால் நடத்தை இரண்டு. எம்சிஎஃப்-7 சில நாள் சுழற்சிக்குப் பிறகு நடுவில் துளையுள்ள பால்குழாய் போன்ற அமைப்பைக்கூடக் கட்டுகிறது.

இதெல்லாம் நடப்பதற்கு முன்பே செல்லின் உள்சட்டகம் அசைந்துவிடும். ஆக்டின் இழைகளும் நுண்குழாய்களும் இடம் மாற வினாடிகள் போதும். ஒட்டுப் புரதங்கள், ரத்தக் குழாயை இழுக்கும் விஇஜிஎஃப், அழற்சிச் சைகைகளான இன்டர்லூக்கின்-6, 8 இவற்றின் அளவும் மாறுகிறது. புற்று பரவ வேண்டுமானால் செல் முதலில் இருந்த இடத்தைவிட்டுக் கழல வேண்டும். ஆய்வாளர்களின் கண் இதன்மேல் விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் இதை ஈர்ப்பு நேரடியாகச் செய்கிறதா? இல்லை, செல் அடியில் தங்காததாலும் மீடியத்தில் வெப்ப ஓட்டம் நின்றுபோனதாலும் சுற்றிவளைத்து நடக்கிறதா? இந்த இரண்டில் எது உங்கள் கேள்வி என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். எழுதாமல் எந்திரம் தேடப் போகாதீர்கள்.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

முதலாவது நேரம். ஆக்டின் அசைவுக்கு வினாடிகள் போதும், ஜீன் வெளிப்பாட்டுக்கு நிமிடமும் மணியும் வேண்டும், ஸ்பீராய்டுக்கு நாட்கள் ஆகும்.

இரண்டாவது, ஈர்ப்பு நிஜமாகவே குறைகிறதா, திசை மட்டும் குழம்புகிறதா என்பது. களியக்காவிளையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் கோர்த்த கோழி சுற்றிக்கொண்டே வேகுமே, அதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கோழியின் எந்தப் பக்கமும் நிரந்தரமாகக் கீழ்ப்பக்கமாக இல்லை. அதனால் ஒரு பக்கம் மட்டும் நெய் சேர்ந்து கருகுவதில்லை. அதற்காகக் கோழி எடையற்றுப் போய்விட்டதா? கீழே தட்டில் நெய் சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. தரையில் நாம் சுற்றுகிற எந்த எந்திரமும் இந்தக் கோழிக்கம்பிதான். எதிர்ப்பக்கத்தில், 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்பதும் தவறு. தரையில் இருப்பதில் சுமார் 88 சதவீதம் அங்கேயும் உண்டு. நிலையமும் அதனுள் இருக்கிற எல்லாமும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால் எடை தெரிவதில்லை.

மூன்றாவது, கூடவே ஒட்டி வரும் இலவச இணைப்பு. அதிர்வு, மீடியம் உரசுவது, கதிர்வீச்சு, ஏவும்போது வரும் அழுத்தம் எல்லாம் இதில் அடக்கம். மறைசெலவு என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

நான்காவது, சரியான கன்ட்ரோல், அதாவது ஈர்ப்பு மாற்றம் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும் ஒப்பீட்டுத் தொகுதி, வைக்க முடியுமா. ஐந்தாவது, எத்தனை தடவை திரும்பச் செய்ய முடியும். பணம் எங்கே என்று கேட்பீர்கள். அது ஐந்தாவதிலேயே இருக்கிறது, விலை கூடினால் தடவை குறையும், அவ்வளவுதான். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வழியும் என்ன என்பது கீழே தனித்தனியாக வரும்.

| வழி | ஒரு தடவையில் நேரம் | நிஜமான எடையின்மையா | ஒட்டி வருவது | கைக்கு எட்டுமா |
|---|---|---|---|---|
| ஒற்றை அச்சு கிளினோஸ்டாட் | மணி முதல் வாரம் வரை | இல்லை | ஓரத்தில் மையவிலக்கு விசை, குமிழி | நாமே செய்யலாம் |
| இரட்டை அச்சு எந்திரம் | நாட்கள், வாரங்கள் | இல்லை | மீடியத்தின் உள்ளோட்டம், அதிர்வு | பெரிய ஆய்வகத்தில் |
| சுழல் குடுவை | வாரங்கள் | இல்லை | ஒட்டும் செல்லுக்குச் சிறு பாசிமணிகள் தேவை | விலைக்குக் கிடைக்கும் |
| காந்த மிதவை | மணிகள் | ஓரளவு | வலிய காந்தப்புலம் | எட்டாது |
| வீழ்கோபுரம் | 4.7 முதல் 9.3 வினாடி | ஆம் | கடைசியில் பலத்த அதிர்ச்சி | வெளிநாட்டில் |
| பரவளையப் பறப்பு | 22 வினாடி, 31 தடவை | ஆம் | நடுநடுவே 1.8 மடங்கு ஈர்ப்பு | வெளிநாட்டில் |
| ஆய்வு ராக்கெட் | 6 முதல் 12 நிமிடம் | ஆம் | ஏவுதலின் அழுத்தம், அதிர்வு | வெளிநாட்டில் |
| சுற்றுப்பாதை | நாட்கள், மாதங்கள் | ஆம் | கதிர்வீச்சு, நீண்ட காத்திருப்பு | அரிது |

## ஒற்றை அச்சு கிளினோஸ்டாட்

ஜெர்மன் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் செடியின் வேர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க 1870-களில் பயன்படுத்திய கருவி இது. படுக்கைவாட்டில் ஓர் அச்சு, அதைச் சுற்றும் மோட்டார், வேறொன்றும் இல்லை. செடிக்கு மெதுவாகச் சுற்றினால் போதும். செல்லுக்கு வேகம் வேண்டும்.

கணக்கு எளிது. நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் அரை வினாடிக்கு ஒருமுறை தலைகீழ். அந்த அரை வினாடியில் செல் 4, 5 மைக்ரோமீட்டர்தான் இறங்கும், அதாவது தன் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு. இறங்கத் தொடங்குவதற்குள் கீழ் மேலாகிவிடும். நிமிடத்துக்கு ஒரே சுற்று என்றால் அரைச் சுற்றுக்கு 30 வினாடி, செல் கால் மில்லிமீட்டருக்கு மேல் போய் வரும். அது மிதப்பதல்ல, உலா போவது.

அப்படியானால் இன்னும் வேகமாகச் சுற்றலாமே என்றால் மையவிலக்கு விசை வந்து நிற்கும். 60 சுற்றில் அச்சிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் செல்லுக்கு அது தரை ஈர்ப்பில் 0.008 பங்குதான். 2 சென்டிமீட்டர் தள்ளினால் 0.08, கிட்டத்தட்ட நிலவின் ஈர்ப்பில் பாதி. ஃபிளாஸ்க்கை நடுவில் பொருத்தினாலும் ஓரத்துச் செல் நிலவுக்குப் பாதி வழியில் நிற்கிறது. அதனால் ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டு 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் வளர்ப்பதுதான் சுத்தம். ஃபிளாஸ்க்கில்தான் செய்ய வேண்டும் என்றால் நடுப்பட்டையில் உள்ள செல்லை மட்டும் எடுங்கள். ஓரத்தை வெட்டி எறியும்போது மனசு கேட்காதுதான்.

இனி என் கதை. அப்போது நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஸ்டெப்பர் மோட்டார், அர்டுயினோ, தையல் மிஷின் கடையில் வாங்கிய பெல்ட் என்று ஐந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கிளினோஸ்டாட் கட்டினோம். ஐந்தாம் நாள் எம்சிஎஃப்-7 பாதிக்குப் பாதி கழன்று மிதந்தது. எல்லாரும் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொண்டாடினோம். படங்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருவர் கேட்டார்: "மூலையில் அந்த வெள்ளை வட்டம் என்ன?" பட்டாணி அளவு காற்றுக் குமிழி. நிமிடத்துக்கு 60 தடவை அந்தக் குமிழி ஃபிளாஸ்க்கின் உள்சுவரைத் துடைப்பம் மாதிரி பெருக்கியிருக்கிறது. செல் கழன்றதா, கழற்றப்பட்டதா? சொல்ல வழியில்லை. போதாக்குறைக்கு எங்கள் கன்ட்ரோல் ஃபிளாஸ்க்கில் வழக்கம்போல 5 மில்லி மீடியம்தான் இருந்தது. சுற்றியதோ விளிம்புவரை நிறைத்த ஃபிளாஸ்க். ஆக்சிஜன் கிடைக்கும் தூரமே இரண்டிலும் வேறு. ஐந்து நாள் வேலையும் குப்பைக்குப் போனது.

அன்றிலிருந்து கன்ட்ரோல் ஃபிளாஸ்க்கையும் முழுக்க நிறைப்பேன். இரண்டையும் டார்ச் அடித்துக் குமிழி இருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்றாவதாக ஒரு ஃபிளாஸ்க்கை நிமிர்ந்த அச்சில் அதே வேகத்தில் சுற்றுவேன். அதில் சுழற்சியும் அதிர்வும் உண்டு, ஈர்ப்பின் திசை மட்டும் மாறாது. இந்த மூன்றாவது ஃபிளாஸ்க் இல்லாத கட்டுரையைப் பார்த்தால் முறைப் பகுதியை இரண்டாம் முறை படிப்பேன்.

இன்னும் சில செலவுகள் வாங்கும்போது கண்ணில் படாது. நிறைத்த ஃபிளாஸ்க்குக்கு மீடியமும் சீரமும் பத்து மடங்குக்கு மேல் போகும். இன்குபேட்டரின் ஈரத்தில் மோட்டார் துருப்பிடிக்கும், மோட்டாரின் சூட்டில் இன்குபேட்டர் 37 டிகிரியைத் தாண்டும், அதனால் மோட்டாரை வெளியே வைத்துத் தண்டை மட்டும் உள்ளே விடுங்கள். அப்புறம் நம்மூர் துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழை. ஒருநாள் சாயங்காலம் இடியோடு கரண்ட் போனது. யுபிஎஸ் இன்குபேட்டரைத் தாங்கியது, மோட்டாரை அதில் செருக மறந்திருந்தோம். எவ்வளவு நேரம் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. நின்ற கணத்திலிருந்தே மிதந்த செல் இறங்கத் தொடங்கிவிடுமே. மறுநாள் அச்சில் ஒரு சைக்கிள் மீட்டரைப் பொருத்தினோம், மொத்தச் சுற்று எண்ணிக்கையை அது சொல்லிவிடும்.

கடைசியாக, நிறுத்திய கணத்திலிருந்து, செல்லை அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் ஃபார்மலின் உள்ளே போகும்வரை செல் பழைய ஈர்ப்பை உணர்கிறது. ஆக்டின் பார்க்கிறவர்கள் அந்த இடைவெளியைக் கடிகாரம் வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது இதை எடுக்கலாம்: பணம் குறைவு, ஆறு மாதம்தான் அவகாசம், தடவைகள் நிறைய வேண்டும், பார்க்கப்போவது முதல் சில மணிகளின் மாற்றம் என்றால் யோசிக்காமல் இதுதான்.

## இரட்டை அச்சு எந்திரம்

ஆங்கிலப் பெயரின் சுருக்கம் ஆர்பிஎம். நிமிடச் சுற்றுக்கும் அதே சுருக்கம் என்பதால் ஆய்வகத்தில் தினமும் ஒரு சண்டை நடக்கும், ஆகவே இரட்டை அச்சு என்றே சொல்கிறேன். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சட்டம், இரண்டும் தனித்தனி வேகத்தில், திசையும் மாறி மாறிச் சுற்றும். திருவிழாவில் ராட்டினத்துக்குள் இன்னொரு ராட்டினம் வைத்த மாதிரி. 1990-களில் ஜப்பானில் தாவர ஆய்வுக்காக வளர்ந்த இந்த வழி, பிறகு ஐரோப்பாவில் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கியது. தைராய்டு, மார்பகப் புற்று ஸ்பீராய்டு பற்றி நாம் படிக்கிற கட்டுரைகளில் பெரும்பகுதி இதில் செய்ததுதான்.

நல்ல விஷயம், வேகம் குறைவு. நிமிடத்துக்கு 10 சுற்று, மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் என்றால் மையவிலக்கு விசை 0.011 பங்குதான். ஆகவே முழு ஃபிளாஸ்க்குகளை வரிசையாக வைக்கலாம், ஆர்.என்.ஏ. எடுக்கவும் புரதம் பார்க்கவும் போதுமான செல் கிடைக்கும். கெட்ட விஷயம், திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஃபிளாஸ்க் திரும்புகிறது, உள்ளிருக்கும் மீடியம் ஒரு கணம் பிந்தித் திரும்புகிறது. அந்தப் பிந்தலில் செல்லின்மேல் உரசல் விழும். உரசலுக்கும் செல் பதில் சொல்லும், அந்தப் பதில் ஈர்ப்பு மாற்றத்துக்குச் சொல்லும் பதில் மாதிரியே இருக்கக்கூடும். கன்ட்ரோல் ஃபிளாஸ்க்கை எந்திரத்தின் அடித்தட்டிலேயே வைத்தால் அதிர்வுக்காவது சமன் கிடைக்கும். இந்த உரசலுக்குச் சமன் வைப்பது கஷ்டம்.

2019-இல் சிட்னியிலிருந்து ஒரு செய்தி பரவியது. இப்படிப்பட்ட கருவியில் 24 மணிநேரம் வைத்ததில் புற்றுச் செல்கள் 80 முதல் 90 சதவீதம் மருந்தே இல்லாமல் செத்துவிட்டன என்று. எங்கள் தெருவில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு மாமி அதை வாட்ஸ்அப்பில் காட்டி, "மக்ளே, அப்பிடின்னா அந்த மிஷினு இங்க எங்க இருக்கு?" என்று கேட்டார். ஃபிளாஸ்க்கில் இருக்கிற செல்லை அப்படிச் சுற்றலாம், ஆளைச் சுற்ற முடியாது மாமி என்றேன். தவிர, அதே வகைக் கருவியில் தைராய்டு செல்கள் நாள்கணக்கில் உயிரோடு உருண்டை கட்டிக்கொண்டு இருந்திருக்கின்றன. செல் வகை மாறினால் கதையே மாறும். ஒரு செல் வகையில் கிடைத்ததை வைத்து 'புற்றுநோய்' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். படிக்கிறவர்களில் நோயாளியும் இருப்பார்.

எப்போது: நாள்கணக்கில் ஸ்பீராய்டு, ஜீன் வெளிப்பாடு, ஏற்கெனவே வந்த கட்டுரைகளோடு ஒப்பிடும் தேவை என்றால். சொந்தமாக வாங்காதீர்கள். பல லட்சம் போட்டு வாங்கி ஒரு பிஎச்.டி. முடிந்ததும் துணி போர்த்தி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. வைத்திருப்பவரோடு கூட்டுச் சேருங்கள்.

## சுழல் குடுவை

இது 1980-களில் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் பிறந்தது. விண்வெளிக்கு அனுப்பும் செல்லை ஏவுதலின் குலுக்கலிலிருந்து காக்க வடிவமைத்தார்கள். தரையில் சோதித்துப் பார்த்தபோதே திசுக்கள் முப்பரிமாணத்தில் அழகாக வளர்ந்ததால் பெயர் பெற்றது. படுத்த உருளை, முழுக்க மீடியம், குமிழி கிடையாது, நடுவிலோ பக்கத்திலோ சவ்வு வழியாக ஆக்சிஜன். மெதுவாகச் சுற்றும்போது மீடியமும் சுவரும் ஒன்றாகச் சுற்றுவதால் உரசல் மிகக் குறைவு. செல் திரள் விழுந்துகொண்டே இருக்கும், தரையை எட்டாது. திரள் பெரிதானால் விழும் வேகம் கூடும், நீங்கள் சுற்று வேகத்தைக் கூட்ட வேண்டும். அடுப்பில் பால் வைத்த மாதிரி கூடவே நிற்கணும்.

பெருங்குடல், புரோஸ்டேட் புற்றுகளில் இதை நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்கள். என் கணக்கில் இது ஈர்ப்பு ஆய்வுக் கருவியே அல்ல, நல்ல முப்பரிமாண வளர்ப்புக் கருவி. ஒட்டி வளரும் செல்லைச் சிறு மணிகளில் ஏற்றித்தான் விட வேண்டும், மணி விழும் வேகம் செல்லின் வேகத்தைவிடப் பல மடங்கு. அதைப் 'புவியீர்ப்பு இல்லாத நிலை' என்று தலைப்பிட்டு எழுதினால் கூச்சமாக இருக்கிறது.

மருந்தைப் பரிசோதிக்க ஸ்பீராய்டு மட்டும் போதும் என்றால் இதுகூட வேண்டாம். தட்டின் மூடியில் மீடியத்துளியைத் தொங்கவிட்டால் செல்கள் துளியின் அடியில் கூடித் தானாக உருண்டையாகும். செல்லை ஒட்டவிடாத அகரோஸ் கூழ் பூசிய கிண்ணத்திலும் அப்படியே. ஈர்ப்பைப் பயன்படுத்தியே ஸ்பீராய்டு செய்யலாம் என்பது சுற்றிச் சுற்றிக் களைத்தவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலான செய்தி.

## காந்த மிதவை

1997-இல் நெதர்லாந்தின் நெய்மேகனில் 16 டெஸ்லா காந்தத்தில் தவளையை மிதக்கவிட்டார்கள். நீர் காந்தத்தால் லேசாக விலக்கப்படும், தவளையும் செல்லும் பெரும்பாலும் நீர். பார்க்க அருமை. ஆனால் அவ்வளவு வலிய காந்தப்புலமே செல்லை ஏதாவது செய்யும். அதைத் தனியே பிரிக்க இன்னொரு பெரிய பரிசோதனை வேண்டும். தாண்டிப் போவோம்.

## வினாடிகளும் நிமிடங்களும்: கோபுரம், விமானம், ராக்கெட்

இவற்றில் எடையின்மை நிஜம், ஆனால் கொஞ்ச நேரம்தான்.

ஜெர்மனியின் பிரெமனில் 146 மீட்டர் கோபுரம் இருக்கிறது. மேலிருந்து விட்டால் 4.7 வினாடி, கீழிருந்து கவண் மாதிரி எறிந்தால் 9.3 வினாடி. புற்றுச் செல் ஆய்வுக்கு இது போதாது, விரைவான சைகை ஒன்றைப் பிடிக்க மட்டும் உதவும்.

பிரான்சின் போர்தோவிலிருந்து பறக்கும் ஏர்பஸ் விமானம் வளைவு வளைவாக ஏறி இறங்கும். ஒரு பறப்பில் 31 வளைவு, ஒவ்வொன்றிலும் 22 வினாடி எடையின்மை. கூட்டினால் 11 நிமிடத்துக்கு மேல் வரும், ஆனால் கூட்டாதீர்கள். ஒவ்வொரு 22 வினாடிக்கு முன்னும் பின்னும் சுமார் 20 வினாடி 1.8 மடங்கு ஈர்ப்பு இருக்கிறது. 31-ஆம் வளைவு முடிந்து எடுத்த செல் எடையின்மையைப் பார்த்ததா, 62 தடவை நசுங்கியதைப் பார்த்ததா? இதனால்தான் முதல் வளைவு முடிந்ததும் ஒரு தொகுதியை ஃபிக்ஸ் செய்து, அதாவது மருந்து விட்டு அந்த நிலையிலேயே நிறுத்தி, தனியே வைப்பார்கள், தரையில் 1.8 மடங்குக்கு, வேகமாகச் சுற்றி ஈர்ப்பைக் கூட்டும் ஒரு சென்ட்ரிஃபியூஜும் அதிர்வுக்கு ஒரு தட்டும் ஓட்டுவார்கள். கன்ட்ரோல் எப்படி வைப்பது என்று கற்க இந்தப் பறப்புக் கட்டுரைகளைப் படியுங்கள், பறக்காவிட்டாலும் பயன்.

ஸ்வீடனின் கிருணா அருகே எஸ்ரேஞ்சிலிருந்து போகும் டெக்சஸ் ராக்கெட் 6 நிமிடம் தரும், பெரிய மாக்சஸ் 12 நிமிடம்வரை தந்திருக்கிறது. டெக்சஸ் ஒன்றில் மைக்ரோஸ்கோப்பையே ஏற்றி, ஒளிரும் ஆக்டின் கொண்ட தைராய்டு புற்றுச் செல்லை உயிரோடு படம் பிடித்தார்கள். நிறுத்தி ஃபிக்ஸ் செய்யும் இடைவெளிப் பிரச்சினைக்கு இதைவிட நேரான பதில் நான் பார்த்ததில்லை.

"தும்பா பக்கத்திலதானே, அங்கேருந்து விட்டா என்ன?" ரயிலில் நெய்யாற்றின்கரை வருவதற்குள் எப்படியும் யாராவது கேட்பார்கள். திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா ஏவுதளத்திலிருந்து 1963 நவம்பர் 21 முதல் ராக்கெட் போகிறது, உண்மைதான். ஆனால் அங்கிருந்து வழக்கமாகப் போகிற ரோகிணி வகை வளிமண்டலத்தை அளக்கச் செய்தது. ஆர்எச்-200 என்பதன் 200 அதன் விட்டம், மில்லிமீட்டரில். போனது கடலில் விழும். செல்லை 37 டிகிரியில் வைத்துத் திரும்ப எடுக்கும் வண்டி அல்ல.

## சுற்றுப்பாதை

கேள்வி நாள்கணக்கு, எடையின்மை நிஜமாக வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இது ஒன்றுதான் வழி. 2011 நவம்பரில் சீனாவின் ஷென்சோ-8 விண்கலத்தில் எஃப்டிசி-133 தைராய்டு செல்கள் போயின. தரையில் இரட்டை அச்சில் கிடைத்ததைவிடப் பெரிய உருண்டைகள் அங்கே உருவாயின. சுற்றும் எந்திரம் தந்த பதிலின் திசை சரி, அளவு வேறு என்று எனக்கு அது சொல்கிறது. தரைக் கருவியை நான் முழுதாக நம்பாமலும் கைவிடாமலும் இருப்பது இதனால்தான்.

சான் டியகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2023-இல் ஆக்சியம்-2 என்ற தனியார் விண்பயணம் தொடங்கிப் புற்று மினி உறுப்புகளை நிலையத்துக்கு அனுப்பிவருகிறது. 2025 ஜூனில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா போன ஆக்சியம்-4-இல் நம் நாட்டின் தசைச் செல் பரிசோதனையும் இருந்தது. ஆகவே கதவு அடைத்துக் கிடக்கவில்லை. ஆனால் செலவைப் பாருங்கள். ஏவுதல் தள்ளிப்போனால் ராக்கெட் காத்திருக்கும், செல் காத்திருக்காது, ஒவ்வொரு தள்ளிப்போடலுக்கும் புதுத் தொகுதி தயாராக இருக்க வேண்டும். மேலே கதிர்வீச்சு கூடுதல், அதுவும் டி.என்.ஏ.வைத் தொடும். அதைப் பிரிக்க நிலையத்துக்குள்ளேயே சிறு சென்ட்ரிஃபியூஜில் தரை ஈர்ப்பு கொடுத்த கன்ட்ரோல் வேண்டும். அது இல்லாத விண்வெளிப் பரிசோதனை, நல்ல கன்ட்ரோல் வைத்த கிளினோஸ்டாட்டைவிடக் கீழ் என்றே சொல்வேன். எல்லாவற்றுக்கும் மேல், ஒரே ஒரு தடவைதான். சரியாக வரவில்லை என்றால் அடுத்த வாரம் திரும்பச் செய்ய முடியாது.

## யாரும் கேட்காத ஒன்று

எதிர்ப்பக்கம் போனால் என்ன? ஈர்ப்பைக் கூட்டலாம். சென்ட்ரிஃபியூஜ் தரும் 2 மடங்கு, 5 மடங்கு எதுவும் கோழிக்கம்பி வித்தை அல்ல, செல் உணர்வது நிஜமான விசை. கிளினோஸ்டாட்டில் ஒரு ஜீன் குறைந்து சென்ட்ரிஃபியூஜில் அதே ஜீன் கூடினால் உங்கள் கதைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். 37 டிகிரி வைக்க முடிகிற சென்ட்ரிஃபியூஜ் பல ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. இவ்வளவு மலிவான இன்னொரு சாட்சி வேறெங்கும் கிடைக்காது, ஆனாலும் திட்டப் பட்டியலில் இதைப் பார்ப்பது அபூர்வம்.

## மூவருக்கும் நான் சொன்னது

மார்த்தாண்டத்துப் பிள்ளைக்கு ஆறு மாதம், எம்சிஎஃப்-7, கேள்வி முதல் சில மணிநேரத்தில் ஆக்டின் மாறுவது. 60 சுற்று கிளினோஸ்டாட், 4 மில்லிமீட்டர் குழாய், நிமிர்ந்த அச்சில் ஒரு கன்ட்ரோல், கூடவே சென்ட்ரிஃபியூஜில் 2 மடங்கு. செல்லைப் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் களஞ்சியத்திலிருந்து வாங்கச் சொன்னேன். பக்கத்து ஆய்வகத்தில் ஓசிக்கு வாங்கினால் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமியும் சேர்ந்து வரும்.

சித்தூர்க்காரர் மருந்து பரிசோதிக்க ஸ்பீராய்டு வேண்டும் என்று இரட்டை அச்சுக்கு மானியம் கேட்கப் போயிருந்தார். தொங்குதுளி போதும் என்றேன். பதில் கடிதத்தில் கொஞ்சம் கோபம் தெரிந்தது, பத்து நாள் கழித்து 'ஆமா, ஈர்ப்பு என் கேள்வியிலேயே இல்லை' என்று எழுதினார்.

சூலூர்பேட்டை ஆசிரியருக்குப் பதில் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. 2024 டிசம்பர் 30 இரவு பிஎஸ்எல்வி-சி60 போனதை மாடியிலிருந்து மாணவர்களோடு பார்த்திருக்கிறார். அந்த ராக்கெட்டின் கடைசி அடுக்கைச் சுற்றுப்பாதையில் மேடையாக்கி, அதில் காராமணி விதைகள் முளைத்ததைப் படித்ததும், அதே மேடையில் புற்றுச் செல்லை அனுப்பினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. விதை உலர்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் எழுந்துகொள்ளும். செல்லுக்குப் புறப்படும் நாள் முதலே சூடும் உணவும் வேண்டும், முடிவில் அதைத் திரும்பக் கையில் எடுக்கவும் வேண்டும். அந்த மேடை திரும்பி வருவதில்லை. 2007 ஜனவரியில் இஸ்ரோவின் எஸ்ஆர்இ-1 கூடு 12 நாள் சுற்றிவிட்டு வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது, ஆனால் அதில் இருந்தவை பொருளறிவியல் பரிசோதனைகள். ஆகவே முதலில் தரையில் ஒரு வருடம் கிளினோஸ்டாட் ஓட்டி, மாறுகிற இரண்டு மூன்று ஜீன்களைப் பிடித்து வையுங்கள், திரும்பி வரும் கூடு வரும்போது கையில் கேட்பதற்குக் கேள்வி இருக்கும் என்று எழுதினேன். மோட்டாருக்கு எந்தக் கடை, பெல்ட்டுக்கு எந்தக் கடை என்று நேற்று அவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது.